‘எந்தப் பாளையமுங்ணா?’ - கோவை கடைசி பஸ்ஸில் ஒரு ‘மப்பு’ அகராதி!

இரவு பத்தே கால். டாஸ்மாக் கடைகளின் ஷட்டர் இறங்கிக் கால் மணி நேரம் ஆகிறது. கோவை காந்திபுரத்திலிருந்து மேட்டுப்பாளையம் சாலையில் கிளம்பும் பஸ்ஸில், கம்பியைக் கட்டிப்பிடித்தபடி ஒருவர் ஏறுகிறார். சட்டைப் பையில் பாதி மிக்சர் பாக்கெட். முகத்தில் உலகத்தையே மன்னித்துவிட்ட சிரிப்பு.

“எங்கீங்ணா போகோணும்?”

“...க்கம்பாளையம் ஒண்ணு!”

“எந்தப் பாளையமுங்ணா?”

“நம்ம பாளையம் கண்ணு!”

பஸ்ஸே சிரிக்கிறது. கண்டக்டர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் டிக்கெட் கிழித்தாக வேண்டும். ‘க்கம்பாளையம்’ என்று ஓர் ஊர் எந்த ஸ்டேஜ் பட்டியலிலும் இல்லை. ஆனால், அந்த வார்த்தைக்குப் பொருந்துகிற ஊர்களை எண்ணினால் கை விரல்கள் போதாது.

பாளையங்களின் நாடு

படை தங்கிய இடம் பாளையம். பாளையக்காரர்கள் காலம் மலையேறிப் போனாலும் அவர்கள் விட்டுச் சென்ற பெயர்கள் கொங்கு நாட்டு வரைபடம் முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன. கோவை நகருக்குள் மட்டும் உப்பிலிபாளையம், வேலாண்டிபாளையம், கவுண்டம்பாளையம், பாப்பநாயக்கன்பாளையம். கொஞ்சம் வெளியே வந்தால் நரசிம்மநாயக்கன்பாளையம், பெரியநாயக்கன்பாளையம். இன்னும் வடக்கே போனால் ஊட்டி மலை ரயில் கிளம்பும் மேட்டுப்பாளையம்.

சிக்கல் இங்கேதான். ‘நாயக்கன்பாளையம்’ என்ற பாதியை மட்டும் நாக்கு சரியாகச் சொன்னால், குறைந்தது மூன்று ஊர்கள் கை தூக்குகின்றன. பாப்பநாயக்கன்பாளையம் நகருக்குள்ளேயே இருக்கிறது. மற்ற இரண்டும் மேட்டுப்பாளையம் சாலையில் அடுத்தடுத்து வருகின்றன. ‘சுருக்கமா சொல்லுங்க’ என்று கேட்டாலும் தீராது. ‘பி.என்.பாளையம்’ என்றால் பாப்பநாயக்கனும் வருவார், பெரியநாயக்கனும் வருவார். இந்தக் குழப்பத்துக்குக் குடித்திருக்க வேண்டிய அவசியமே இல்லை.

‘கோவில்பாளையம்’ இன்னும் வேடிக்கை. சத்தி சாலையில் ஒன்று, பொள்ளாச்சி சாலையில் ஒன்று. ஒன்று வடக்கு, இன்னொன்று தெற்கு. வாய் குளறாமல் சொன்னாலே ஆள் திசை மாறிப் போகலாம். ‘...னூர்’ என்று முனகினால் தெற்கே ரயில் சந்திப்பு இருக்கும் போத்தனூரா, கிழக்கே விசைத்தறிச் சத்தம் கேட்கும் சோமனூரா? இரண்டுக்கும் நடுவே தூக்கம் கலைந்து எழுந்தால், ஆட்டோ பிடிக்கவும் வழி இருக்காது.

‘பெரியநாயக்கன்பாளையம்’ 12 எழுத்து. ‘நரசிம்மநாயக்கன்பாளையம்’ 14 எழுத்து. மூச்சு விடாமல் சொல்ல, தெளிந்த தலையும் தெளிந்த நாக்கும் வேண்டும். அந்தப் பக்கத்துக்காரர்களுக்கு ஊர்ப் பெயரே ஒரு பரிசோதனைக் கருவிதான்!

குடிக்காமலே புரியாத வார்த்தைகள்

வெளியூர்க்காரர்களுக்கு ஓர் எச்சரிக்கை. கொங்கு நாட்டில் புரியாத வார்த்தை ஒன்று காதில் விழுந்தால், உடனே பேசியவரைச் சந்தேகப்படக் கூடாது.

“ஒறம்பரை வந்துருக்குது. பொடனியச் சொறிஞ்சுட்டு நிக்காம அக்கட்டால போ சாமி” என்று ஓர் ஆத்தா சொன்னால், அவர் சுத்தமான கொங்குத் தமிழ் பேசுகிறார். ‘ஒறம்பரை’ என்றால் வீட்டுக்கு வந்த உறவினர். ‘பொடனி’ பிடரி. ‘அக்கட்ட’ அந்தப் பக்கம். ஓணானை ‘ஒடக்கான்’ என்பார்கள். கோயில் திருவிழா ‘நோம்பி’. வெயில் காலம் ‘வேசகாலம்’. இருபுறமும் வேலி ஓங்கிய ஒற்றையடித் தடம் ‘இட்டேரி’.

இந்தப் பேச்சுக்கு இலக்கியத்தில் தனி இடமே உண்டு. ஆர்.சண்முகசுந்தரத்தின் ‘நாகம்மாள்’ நாவல் 1942-ல் வெளிவந்து, கொங்கு மண்ணின் பேச்சைக் கதைக்குள் கொண்டுவந்தது. பெருமாள்முருகன் ‘கொங்கு வட்டாரச் சொல்லகராதி’ என்று தனிப் புத்தகமே தொகுத்தார்.

அந்த அகராதியில் தேடிப் பார்த்தாலும் ‘க்கம்பாளையம்’ கிடைக்காது. அதற்கு வேறு அகராதி வேண்டும்.

மப்பு அகராதி: சில பக்கங்கள்

*மப்பு:* வானம் மூடிக்கொண்டிருக்கும்போது ‘மப்பும் மந்தாரமுமா இருக்குது’ என்பார்கள். மேகம் வானத்தை மூடினால் மப்பு, சாராயம் தலையை மூடினாலும் மப்பு. ஒரே வித்தியாசம், முதல் மப்புக்குப் பிறகு மழை வரும். இரண்டாவதுக்குப் பிறகு வாந்தி வரும்.

*மட்டை:* தென்னந்தோப்பில் காய்ந்து விழுந்து கிடப்பது. பொள்ளாச்சிக்காரர்களுக்கு விளக்கத் தேவையில்லை. விழுந்த மட்டை தானாக எழுந்ததாகச் சரித்திரம் இல்லை.

*குவார்ட்டர்:* கால் பங்கு என்று பெயர். ஃபுல் பாட்டில் 750 மி.லி. அதில் கால் பங்கு 187.5 மி.லி. ஆனால், குவார்ட்டரில் இருப்பது 180. இரண்டு குவார்ட்டர் சேர்ந்தால் 360. ஹாஃப் பாட்டிலோ 375. ஆக, இரண்டு கால் சேர்ந்தாலும் ஓர் அரை ஆகாத ஒரே கணக்கு இதுதான். உளறல் ஆரம்பிப்பது வாயில் அல்ல, பாட்டிலின் பெயரிலேயே!

*கட்டிங்:* அந்தக் கால் பங்கையும் முன்பின் தெரியாத ஒருவரோடு பாதியாகப் பிரித்துக்கொள்வது. சொத்து பிரிக்கும்போது அண்ணன் தம்பியிடம் காணாத நியாயத்தை இங்கே மி.லி. சுத்தமாகக் காணலாம்.

*ஸ்டெடி:* ‘நான் ஸ்டெடியாத்தான் இருக்கறேன்’ என்று ஒருவர் சொன்னால், இல்லை என்று பொருள். நிஜமாகவே ஸ்டெடியாக இருப்பவர் யாரும் அதை அறிவிப்பதில்லை.

*தெளுவு:* இதுதான் இந்த அகராதியின் நல்ல வார்த்தை. மற்ற ஊர்களில் பதநீர் என்பதைக் கொங்கில் தெளுவு என்பார்கள். பாளையிலிருந்து சொட்டும் சாறு புளிக்காமல் இருக்க, கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவுவார்கள். தடவினால் தெளுவு, காய்ச்சினால் கருப்பட்டி. தடவாமல் விட்டால் சில மணி நேரத்திலேயே புளிக்க ஆரம்பித்துக் கள்ளாகிவிடும். ஒரே மரம், ஒரே சாறு. போதை தராததற்குத் தெளுவு என்று பெயர் வைத்தவர்கள், போதைக்கு மப்பு என்ற பெயரைக் கொடுத்திருக்கிறார்கள். பெயர் வைத்த ஆள் கட்டாயம் குடிக்காத நேரத்தில்தான் வைத்திருப்பார்.

எல்லை தாண்டும் வார்த்தை

பொள்ளாச்சியிலிருந்து கோபாலபுரம், மீனாட்சிபுரம் பக்கம் போனால் கேரள எல்லை. இரண்டு பக்கமும் அதே தென்னை, அதே காற்று. தமிழ்நாட்டில் 1987 முதல் கள் இறக்கத் தடை. அந்தப் பக்கம் பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் தாலுகா, கேரளாவுக்கே கள் கொடுக்கும் பூமி. அங்கே கள்ளுக்கடை சட்டப்படி நடக்கிறது. இங்கே தென்னையில் உரிமம் வாங்கி ‘நீரா’ இறக்கலாம், புளிக்க மட்டும் விடக் கூடாது.

மரத்தில் ஏறினால் ஒரே பனை, ஒரே தென்னை. கீழே இறங்கும்போது எந்த மாநிலம் என்பதைப் பொறுத்துச் சாறின் பெயரும் மாறுகிறது, வழக்கும் மாறுகிறது. ‘கள்ளுக்கு அனுமதி வேண்டும்’ என்ற விவசாயிகளின் குரல் கொங்குப் பகுதியில் பல வருடங்களாகக் கேட்கிறது. ‘எந்தக் குடியும் வேண்டாம்’ என்ற குரலும் அதே ஊர்களிலிருந்துதான் வருகிறது.

இன்னொரு பாளையம்

அந்த இரண்டாவது குரலுக்கு இந்த மண்ணில் நூறு வருட வயது. 1921-ல் ஈரோட்டில் கள்ளுக்கடை மறியல் நடந்தபோது முன்னால் நின்றவர்கள் பெரியாரின் மனைவி நாகம்மையாரும் தங்கை கண்ணம்மாளும். மறியலை நிறுத்துவது ஈரோட்டிலுள்ள அந்த இரண்டு பெண்களின் கையில்தான் இருக்கிறது என்று காந்தி சொன்னதாக இன்றும் மேடைகளில் நினைவுகூர்கிறார்கள். கள்ளுக்கு விடக் கூடாது என்று பெரியார் தன் சேலத்துத் தோப்பில் 500-க்கும் மேற்பட்ட தென்னைகளை வெட்டிச் சாய்த்தார்.

அடுத்த அத்தியாயம் நடந்த ஊரின் பெயரிலும் ஒரு பாளையம். திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் உள்ள புதுப்பாளையம். அங்கே ராஜாஜி 1925-ல் காந்தி ஆசிரமம் தொடங்கினார். 1929-ல் மதுவிலக்குப் பிரசாரத்துக்கென்றே ‘விமோசனம்’ என்ற மாதப் பத்திரிகை அந்த ஆசிரமத்திலிருந்து வந்தது. ராஜாஜிக்குத் துணையாக அதில் வேலை பார்த்த இளைஞர், பிற்பாடு தமிழ்நாட்டையே சிரிக்கவைத்த கல்கி. குடியைத் திட்டினால் குடிப்பவர் கேட்க மாட்டார், கதையாகச் சொன்னால் குடும்பமே கேட்கும் என்பதை அன்றே கண்டுபிடித்துவிட்டார்கள்.

ராஜாஜி சென்னை மாகாணப் பிரதமரானதும் 1937 அக்டோபர் 1 அன்று முதன்முதலாக மதுவிலக்கு வந்தது சேலம் மாவட்டத்தில். புதுப்பாளையமும் அப்போது அந்த மாவட்டத்துக்குள்தான் இருந்தது. பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும். 1971-ல் மதுவிலக்கு தளர்ந்தது, 1974-ல் திரும்பியது, 1981-ல் மறுபடி தளர்ந்தது. 1983-ல் டாஸ்மாக் நிறுவனம் பிறந்தது. 2003 நவம்பரிலிருந்து சில்லறை விற்பனையும் அதன் கைக்கு வந்தது. அரசே இத்தனை முறை முன்னும் பின்னும் நடந்திருக்கும்போது, கடைசி பஸ்ஸில் ஏறியவர் கொஞ்சம் தள்ளாடினால் என்ன என்று கேட்பவர்களும் உண்டு.

நாக்கு ஏன் குளறுகிறது?

பேசுவது சாதாரண வேலை இல்லை. நாக்கு, உதடு, தாடை, தொண்டை, மூச்சு எல்லாம் ஒரே தாளத்தில் அசைய வேண்டும். அந்தத் தாளத்தைக் கவனிக்கும் முக்கிய இடம் சிறுமூளை. நடக்கும்போது தள்ளாடாமல் பார்த்துக்கொள்வதும் அதுதான். மது முதலில் பதம் பார்ப்பவற்றில் சிறுமூளையும் ஒன்று. அதனால்தான் காலும் நாக்கும் ஒரே நேரத்தில் தடுமாறுகின்றன. (ழகரம் வராததை மட்டும் வைத்து யாரையும் சந்தேகிக்க வேண்டாம். அது நம்மில் பலருக்குக் குடிக்காமலேயே வராது.)

‘குடிகாரன் பேச்சு விடிஞ்சா போச்சு’ என்று பழமொழி இருக்கிறது. கணக்குப் போட்டால் அது அவ்வளவு சரியில்லை. பிராந்தி, விஸ்கி பாட்டில்களில் 42.8 சதவிகிதம் ஆல்கஹால் என்று அச்சிட்டிருப்பார்கள். 180 மி.லி. குவார்ட்டரில் சுத்தமான ஆல்கஹால் மட்டும் சுமார் 77 மி.லி., அதாவது ஏறக்குறைய 60 கிராம். கல்லீரல் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 7 முதல் 10 கிராம்தான் கரைக்கும். இரவு பத்து மணிக்கு ஒரு குவார்ட்டரை முடித்தவரின் ரத்தத்தில் காலை ஐந்து, ஆறு மணிக்கும் மிச்சம் இருக்கலாம். எலுமிச்சை, மோர், கருங்காப்பி எதுவும் கல்லீரலை அவசரப்படுத்தாது.

பேச்சு விடிந்ததும் போய்விடும், போதை போயிருக்காது. மில் ஷிப்ட்டுக்கு, மார்க்கெட்டுக்கு என்று விடியற்காலையில் பைக்கை எடுப்பவர்கள் நிறைந்த ஊர் இது. 100 மி.லி. ரத்தத்தில் 30 மி.கி. ஆல்கஹாலைத் தாண்டி வண்டி ஓட்டினால், முதல் முறைக்கே 10,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். ‘நேத்துக் குடிச்சதுங்க’ என்ற பதிலைக் கருவி கேட்காது.

வீட்டில் ஒரு வார்த்தை விழுந்தால்...

புரியாத வார்த்தையோடு ஒருவர் வீடு வந்து சேர்ந்தால், இதோ சில ஆலோசனைகள்.

1. அர்த்தம் கேட்காதீர்கள். ‘என்ன சொன்னீங்க, திருப்பிச் சொல்லுங்க’ என்றால் ஒரு வார்த்தை ஒரு மணி நேரச் சொற்பொழிவாகும். அதில் உங்கள் கல்யாணத்தில் பந்தியில் நடந்த தகராறும் வரும்.

2. முதலில் வண்டிச் சாவி, பிறகுதான் சாப்பாடு. சாவியை அரிசிப் பானைக்குள் போடுவது பல வீடுகளில் சோதித்துப் பார்த்த வழி.

3. இரவு பத்துக்கு மேல் தரும் வாக்குறுதிகளை ஏற்க வேண்டாம். ‘மாப்ளே, நீ கேளு, தோட்டத்தையே எழுதித் தர்றேன்’ என்பவர் காலையில் பத்து ரூபாயும் தர மாட்டார். அதே நேரத்தில் அவரிடம் யாரும் ஜாமீன் கையெழுத்து வாங்காமலும் பார்த்துக்கொள்ளுங்கள். கையெழுத்து மட்டும் விடிந்தாலும் போகாது.

4. ஊர்ப் பெயரே வராத நாக்கில் ஒரு வார்த்தை மட்டும் தெளிவாக வரும்: ‘சிலுவாடு’. கறவை மாட்டுப் பாலிலும் கோழி முட்டையிலும் பெண்கள் சேர்த்த சிறுவாட்டுக் காசு. ‘சிலுவாடு எங்கே வெச்சிருக்கறே?’ என்ற கேள்வியில் எந்தக் குளறலும் இருக்காது. பதில் சொல்லாதீர்கள். அஞ்சலகத்திலோ வங்கியிலோ போட்டுவிட்டால் அரிசிப் பானையில் சாவிக்கு இடமும் கிடைக்கும்.

5. வீடியோ எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். அவர் வார்த்தை விடிந்தால் போகும், வீடியோ போகாது. அதைப் பள்ளியில் பார்த்துச் சிரிக்கிற பையன்கள் முன்னால் தலை குனிவது அவர் இல்லை, அவருடைய பிள்ளை.

6. தூங்க வைக்கும்போது ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். மல்லாந்து கிடப்பவர் வாந்தி எடுத்தால் மூச்சுக்குழாயில் போய் அடைக்கலாம். எழுப்பியும் எழவில்லை, மூச்சு விட்டு விட்டு வருகிறது என்றால் ‘மட்டையாகிட்டார்’ என்று விட்டுவிடாமல் 108-ஐ அழையுங்கள்.

ஏழாவது ஆலோசனையில் நகைச்சுவை இல்லை. குளறும் நாக்கு எல்லாம் குடித்த நாக்கு அல்ல. முகம் ஒரு பக்கம் கோணுகிறதா? ஒரு கையைத் தூக்க முடியவில்லையா? திடீரெனப் பேச்சு குழறுகிறதா? அது பக்கவாதமாக இருக்கலாம். மூளையில் அடைத்த ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நான்கரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். ‘தெளியட்டும், காலைல பாக்கலாம்’ என்று விட்டால் அந்த நேரம் தூக்கத்திலேயே கழிந்துவிடும். சர்க்கரை நோய்க்கு ஊசியோ மாத்திரையோ எடுப்பவருக்குச் சர்க்கரை தாழ்ந்துபோனாலும் இப்படித்தான் வியர்த்து, உளறி, தள்ளாடுவார். வெறும் வயிற்றில் குடித்திருந்தால் அந்த ஆபத்து இன்னும் அதிகம். விழுந்து தலையில் அடிபட்டவரின் உளறலும் கேட்பதற்கு அதே மாதிரி இருக்கும்.

தினமும் குடிப்பவர் திடீரென நிறுத்தினாலும் கவனம் தேவை. இரண்டு மூன்று நாள்களில் கை நடுங்கி, இல்லாத ஆட்களோடு பேச ஆரம்பித்தால் அதைப் பேய் என்றோ, மறுபடி குடித்துவிட்டார் என்றோ நினைக்க வேண்டாம். அது ஆஸ்பத்திரியில் பார்க்க வேண்டிய நோய். நிறுத்த விரும்புபவர்கள் டாக்டர் துணையோடு நிறுத்துவதே நல்லது. 14446 என்ற தேசிய இலவச உதவி எண்ணில் குடிப்பவரும் பேசலாம், அவர் வீட்டாரும் பேசலாம்.

மறுபடியும் அந்த பஸ்

கண்டக்டர் கடைசியில் எப்படித்தான் டிக்கெட் கிழித்தார்? அதற்கு ஒரு முறை இருக்கிறது. முன் சீட்டில் பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த அக்காவிடம் கேட்டார். “இவரு எந்த ஸ்டாப்பிங்ல எறங்குவாருங்க்கா?” அந்த அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “பெரியநாயக்கன்பாளையமுங். தெனமும் இந்த பஸ்தானுங்.”

பஸ் கவுண்டம்பாளையம் தாண்டியது. துடியலூர் தாண்டியது. நரசிம்மநாயக்கன்பாளையத்தில் அவர் ஒருமுறை எழுந்து நின்றார். “இது இல்லீங்ணா, உக்காருங்க” என்று கண்டக்டர் தோளைப் பிடித்து உட்காரவைத்தார்.

பெரியநாயக்கன்பாளையம் ஸ்டாப்பில் கடைகள் சாத்திவிட்டன. செல்போன் டார்ச்சை அடித்துக்கொண்டு ஒரு பெண் நின்றிருந்தார். பக்கத்தில், தூக்கக் கலக்கத்தில் பள்ளிக்கூட டிராயர் போட்ட ஒரு பையன். பஸ் நிற்பதற்கு முன்னாலேயே அந்தப் பெண் படிக்கட்டுப் பக்கம் வந்துவிட்டார்.

“வந்துட்டாருங்களா?”

“வந்துட்டாருங்க்கா. பாத்து, கையப் புடிச்சுக்குங்க.”

இறங்கியவர் ரோட்டில் நின்று சுற்றிலும் பார்த்தார். “ஏனுங், இது நம்ம பாளையந்தானுங்?”

பையன்தான் பதில் சொன்னான். “நம்மளதுதானுங்ப்பா. வாங்க, ஊட்டுக்குப் போலாம்.”

விசில் அடித்தது. பஸ் காரமடையைப் பார்த்துக் கிளம்பியது.